தண்ணீரில் நின்ற வண்டியா? உதைக்காதீர்கள்! ஒரே உதையில் என்ஜின் போய்விடும்!
(நமது நிருபர்)

மழை நின்றுவிட்டது. வெள்ளமும் வடிந்துவிட்டது. ஆனால் வண்டி கிளம்பவில்லை!

சென்னையில் ஐப்பசி, கார்த்திகை வந்தால் தெருத்தெருவாக நடக்கும் கூத்து இது. விடிந்ததும் விடியாததுமாக லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு ஆண்கள் வாசலுக்கு வருகிறார்கள். ராத்திரி முழுக்க இடுப்பளவு தண்ணீரில் நின்ற மோட்டார் சைக்கிளைப் பார்க்கிறார்கள். சேற்றைத் துடைக்கிறார்கள். சாவியைப் போடுகிறார்கள். அப்புறம் ஆரம்பிக்கிறது உதை!

"சோக்கை இழுத்து அடிங்க சார்" என்கிறார் பக்கத்து வீட்டுக்காரர். "செகண்ட் கியர்ல போடுங்கண்ணே, நான் தள்றேன்" என்கிறான் எதிர்வீட்டுப் பையன். ஆளுக்கு ஒரு யோசனை. ஆளுக்கு பத்து உதை.

கடைசியில் வண்டி மெக்கானிக் கடைக்குத்தான் போகிறது. அங்கே நடக்கும் பேச்சு எல்லாப் பேட்டையிலும் ஒரே மாதிரிதான்.

"எத்தினி வாட்டி சார் உதைச்சீங்க?"

"ஒரு இருபது முப்பது வாட்டி இருக்கும்பா. செல்பும் போட்டுப் பார்த்தேன். தள்ளியும் பார்த்தோம்."

"போச்சு சார்! சும்மா வுட்டிருந்தா ஆயில மாத்திக் குடுத்திருப்பேன். இப்ப என்ஜினை எறக்கணும்."

'என்ஜினை இறக்கணும்' என்ற சொல்லைக் கேட்டதும் வண்டிக்காரருக்குப் பாதி உயிர் போய்விடுகிறது. சில நூறு ரூபாயில் முடிய வேண்டிய வேலை, பல ஆயிரத்தில் போய் நிற்கிறது.

பாதிக்கப்படுவது யார்? பால் பாக்கெட் போடுகிறவர், பேப்பர் போடும் பையன், மொபெட்டில் பூக்கூடை கட்டிப் போகிறவர், வீடு வீடாகச் சாப்பாடு கொண்டுபோய்க் கொடுக்கும் இளைஞர்கள், ஆட்டோ டிரைவர்கள். இவர்களுக்கு வண்டி நின்றால் அன்றைய வருமானமும் நின்றது.

2015-ம் ஆண்டு டிசம்பர் 1-ந்தேதியை சென்னைவாசிகள் மறந்திருக்க முடியாது. செம்பரம்பாக்கம் ஏரியில் இருந்து வினாடிக்கு 29 ஆயிரம் கன அடி தண்ணீர் திறக்கப்பட்டது. அடையாறு கரை புரண்டது. சைதாப்பேட்டை, கோட்டூர்புரம், ஜாபர்கான்பேட்டை என்று ஆற்றோரம் இருந்த பகுதிகள் மூழ்கின. 2023 டிசம்பரில் மிச்சாங் புயல் வந்தபோது வேளச்சேரியும் பள்ளிக்கரணையும் முடிச்சூரும் தத்தளித்தன. இரண்டு தடவையும் தண்ணீர் வடிந்த மறுநாள் மெக்கானிக் கடை வாசலில் வண்டிகள் வரிசை கட்டி நின்றன.

அந்த வண்டிகளில் பலவற்றைக் கெடுத்தது வெள்ளம் மட்டும் அல்ல. வெள்ளம் வடிந்த பிறகு விழுந்த உதை!

உள்ளே என்ன நடக்கிறது?

ஆஸ்பத்திரி ஊசிக் குழாயைப் பார்த்திருப்பீர்கள். அதில் காற்றை அடைத்து, முனையைக் கட்டை விரலால் மூடிக்கொண்டு, பின்னால் அமுக்கிப் பாருங்கள். பாதி தூரமாவது போகும். அதே குழாயில் தண்ணீரை நிரப்பி அமுக்கிப் பாருங்கள். துளிகூட நகராது!

என்ஜினும் இதே மாதிரிதான். சிலிண்டருக்குள் பிஸ்டன் மேலும் கீழும் போகிறது. காற்றும் பெட்ரோலும் கலந்த புகையை அது சுமார் பத்தில் ஒரு பங்காக நெருக்குகிறது. அந்த நேரத்தில் பிளக்கில் பொறி விழுகிறது. வண்டி ஓடுகிறது.

சிலிண்டருக்குள் தண்ணீர் புகுந்திருந்தால்? தண்ணீர் நெருங்கிக் கொடுக்காது. மேலே வரும் பிஸ்டன் சுவரில் மோதின மாதிரி நிற்கும். மேலே தண்ணீர், கீழே சுற்றும் வேகம். நடுவில் மாட்டிக்கொள்வது கனெக்டிங் ராடு. அது வளையும். சில சமயம் முறிந்து என்ஜின் கூட்டையே பிளந்துகொண்டு வெளியே வரும்! இதைத்தான் மெக்கானிக்குகள் 'ஹைட்ரோ லாக்' என்கிறார்கள்.

கிக்கர் கல் மாதிரி இறங்காமல் நின்றால் அது ஓர் எச்சரிக்கை. அதன் மேல் ஏறி நின்று மிதித்தால் கிக்கர் பல்சக்கரம் போகும். செல்ப் பட்டனை விடாமல் அமுக்கினால் ஸ்டார்ட்டர் மோட்டார் எரியும், இல்லாவிட்டால் ராடு வளையும். கியரில் போட்டுத் தள்ளி கிளட்சை விடுவது எல்லாவற்றையும் விட மோசம். வண்டியின் மொத்த எடையும் அந்த ஒற்றை ராடு மேல் இறங்குகிறது.

"என் வண்டி ஸ்டார்ட் ஆயிடுச்சே!" என்று சந்தோஷப்படுகிறவர்களும் உண்டு. அவர்களுக்கு வேறு ஆபத்து காத்திருக்கிறது. ஆயில் சம்பில் தண்ணீர் கலந்திருந்தால் ஆயில் பால் ஊற்றின டீ மாதிரி ஆகிவிடும். அந்த ஆயிலுக்கு வழுக்கும் குணம் இல்லை. நாலு தெரு ஓடுவதற்குள் பேரிங், பிஸ்டன் எல்லாம் உராய்ந்து கெடும்.

அப்படியானால் என்ன செய்வது?

முதல் வேலை, சாவியைத் தொடாமல் இருப்பது. இரண்டாவது வேலை, தண்ணீர் எவ்வளவு உயரம் நின்றது என்று பார்ப்பது. வண்டியிலேயே சேற்றுக் கோடு இருக்கும். சக்கரத்தின் பாதிக்குக் கீழே கோடு இருந்தால் பெரும்பாலும் பயம் இல்லை. பிரேக்கை மட்டும் காயவிட்டு சோதித்துக்கொள்ளலாம். கோடு என்ஜினைத் தாண்டி, ஏர் பில்டர் பெட்டியைத் தொட்டிருந்தால் உஷார்!

அதற்குப் பிறகு கைதேர்ந்த மெக்கானிக் செய்யும் வேலை இந்த வரிசையில் நடக்கும்.

பேட்டரி ஒயரைக் கழற்றுவார். என்ஜின் ஆயில் போல்ட்டைத் திறந்து ஒரு கிண்ணத்தில் பிடிப்பார். தண்ணீர் ஆயிலை விடக் கனமானது. அதனால் முதலில் தண்ணீரே வரும். பிறகு டீ நிறத்தில் ஆயில் வந்தால் உள்ளே தண்ணீர் புகுந்தது உறுதி.

அடுத்து ஏர் பில்டர். காகித பில்டர் நனைந்திருந்தால் காயவைத்துப் பிரயோஜனம் இல்லை. புதிதுதான் போடவேண்டும்.

அடுத்து ஸ்பார்க் பிளக்கைக் கழற்றுவார். சாவி ஆப்பில் இருக்க, கிக்கரை மெதுவாக மிதிப்பார். பிளக் ஓட்டை வழியாகத் தண்ணீர் பீய்ச்சி அடிக்கும். அந்த நேரம் முகத்தை அங்கே கொண்டுபோய் எட்டிப் பார்க்கக் கூடாது! தண்ணீர் நின்றதும் அதே ஓட்டையில் சிறிது ஆயில் விட்டு, மறுபடி மெதுவாக மிதித்து, பிஸ்டன் வளையங்களை நனைப்பார். இல்லாவிட்டால் துருப் பிடிக்கும்.

பெட்ரோல் டேங்கையும் விடக் கூடாது. தண்ணீர் பெட்ரோலுக்கு அடியில் போய்த் தங்கும். டேங்க் அடியில் இருக்கும் பெட்ரோலைக் கண்ணாடி பாட்டிலில் பிடித்துச் சிறிது நேரம் ஆடாமல் வைத்தால் கோடு போட்டாற்போல் இரண்டாகப் பிரியும். இப்போது பங்க்குகளில் வருவது 20 சதவீதம் வரை எத்தனால் கலந்த பெட்ரோல். எத்தனால் தண்ணீரை இழுக்கும் குணம் உள்ளது. தண்ணீர் அதிகமானால் எத்தனாலும் தண்ணீரோடு சேர்ந்து அடியில் இறங்கிவிடும். அந்தக் கலவையில் வண்டி ஓடாது. முழுக்க வடித்துவிட்டுப் புதுப் பெட்ரோல் ஊற்றுவதுதான் ஒரே வழி. இந்த வேலை நடக்கும் இடத்தில் பீடி, சிகரெட், விளக்கு எதுவும் கூடாது.

சைலன்சரில் தேங்கிய தண்ணீரைச் சாய்த்து வடிக்க வேண்டும். கியர் இல்லாத ஸ்கூட்டராக இருந்தால் பெல்ட் மூடியையும் திறந்து காயவைக்க வேண்டும்.

எல்லாம் முடிந்து புது ஆயில் ஊற்றி, வண்டியைக் கிளப்பி, சில நிமிடம் ஓடவிட்டு, அந்த ஆயிலையும் வடித்துவிட வேண்டும். பால் நிறம் இருக்கிற வரைக்கும் மாற்றத்தான் வேண்டும். "ஒரு லிட்டர் ஆயிலுக்குக் கணக்குப் பார்த்தா, என்ஜினுக்குக் கணக்குப் பார்க்க வேண்டி வரும்" என்பது இந்தத் தொழிலில் இருக்கிறவர்கள் பேச்சு.

உதைக்காதே என்றால் அப்படியே மூலையில் போட்டுவிடு என்று அர்த்தம் இல்லை. வாரக்கணக்கில் விட்டால் பிஸ்டன் வளையங்கள் சிலிண்டரோடு துருப்பிடித்து ஒட்டிக்கொள்ளும். மெக்கானிக் கடையில் கூட்டம் இருந்தால், பிளக்கைக் கழற்றித் தண்ணீரை வெளியேற்றி ஆயில் விடுகிற வேலையையாவது உடனே முடித்துக்கொள்ள வேண்டும்.

சுரங்கப்பாதையில் நின்றால்?

தி.நகர் துரைசாமி சுரங்கப்பாதை, வியாசர்பாடி கணேசபுரம் சுரங்கப்பாதை, மேற்கு மாம்பலம் அரங்கநாதன் சுரங்கப்பாதை. இந்தப் பெயர்களைக் கேட்டாலே மழைக்காலத்தில் வண்டிக்காரர்களுக்கு வயிற்றைக் கலக்கும்.

முன்னால் போகிறவர் போய்விட்டார் என்ற தைரியத்தில் இறங்குகிறார்கள். நடுவில் வண்டி 'டப்' என்று நிற்கிறது. பதற்றத்தில் அங்கேயே மறுபடி மறுபடி ஸ்டார்ட் செய்கிறார்கள். ஓடிக்கொண்டு இருக்கும்போது தண்ணீரைக் குடித்த என்ஜினுக்குத்தான் ஆபத்து அதிகம். நின்றது நின்றபடி சாவியை ஆப் செய்துவிட்டு, இறங்கித் தள்ளிக்கொண்டு மேட்டுக்கு வந்துவிட வேண்டும். தண்ணீர் ஏறிக்கொண்டு இருந்தால் வண்டியை விட்டுவிட்டு ஆள் முதலில் வெளியே வரவேண்டும். வண்டி போனால் வாங்கலாம். உயிர் போனால்?

இன்னொரு பழக்கமும் இருக்கிறது. நின்ற வண்டியைப் பின்னால் வரும் நண்பர் ஒற்றைக் காலால் தள்ளிக்கொண்டு போவது. இழுத்துப் போக வேறு வழி இல்லாதவர்கள் செய்கிற வேலைதான். ஆனால் பள்ளமும் சேறும் தெரியாத ரோட்டில் இரண்டு பேருமே விழுந்து அடிபட வாய்ப்பு இருக்கிறது. மினி லாரியில் ஏற்றும் கூலி, மாவுக்கட்டுச் செலவை விடக் குறைவு.

இன்சூரன்ஸ் பணம் கிடைக்குமா?

'நான்தான் வருஷா வருஷம் இன்சூரன்ஸ் கட்டுகிறேனே' என்று பலர் நினைத்துக்கொள்கிறார்கள். இங்கே ஒரு பெரிய சிக்கல் இருக்கிறது.

சட்டப்படி கட்டாயமானது மூன்றாம் நபர் இன்சூரன்ஸ். அதாவது நம் வண்டியால் மற்றவருக்கு ஏற்படும் நஷ்டத்துக்கு. வெள்ளத்தில் நம் வண்டி கெட்டால் அதில் ஒரு பைசா வராது. 'புல் இன்சூரன்ஸ்' என்று சொல்லப்படும் முழு பாலிசி இருந்தால்தான் வெள்ளச் சேதத்துக்குக் கேட்க முடியும்.

அதிலும் ஒரு கொக்கி! தண்ணீர் புகுந்த பிறகு ஸ்டார்ட் செய்ததால் என்ஜின் உடைந்தது என்று சர்வேயர் எழுதினால், 'இது வெள்ளத்தால் ஆன சேதம் இல்லை, நீங்கள் செய்துகொண்ட சேதம்' என்று கம்பெனிகள் கையை விரித்துவிடுவது உண்டு. இதற்கென்றே என்ஜின் பாதுகாப்பு என்று கூடுதல் பணம் கட்டி வாங்கும் பிரிவு இருக்கிறது. கார் வைத்திருப்பவர்கள் பாலிசியை எடுத்து ஒரு தடவை படித்துப் பார்த்துக்கொள்வது நல்லது.

தண்ணீர் நிற்கும்போதே நம்பர் பிளேட் தெரிகிற மாதிரி போட்டோ எடுங்கள். சேற்றுக் கோட்டையும் எடுங்கள். கம்பெனிக்கு உடனே தகவல் சொல்லுங்கள். அவர்கள் ஆள் வந்து பார்க்கும்வரை என்ஜினைப் பிரிக்கவேண்டாம்.

மழையே இல்லை, ஆனாலும் கிளம்பவில்லை!

வெள்ளம் மட்டுமா வண்டியை நிறுத்துகிறது? வெயில் நாளிலும் காலை ஒன்பது மணிக்கு ஆபீசுக்குக் கிளம்பும்போது சண்டித்தனம் செய்யும் வண்டிகள் உண்டு. இங்கேயும் அதே பாடம்தான். உதைக்கும் முன் பார்க்க வேண்டும்.

ஹேண்டில்பாரில் இருக்கும் சிவப்பு சுவிட்ச் ஆப்பில் இருக்கிறதா? தெருப் பிள்ளைகள் விளையாட்டாக அமுக்கிவிட்டுப் போயிருப்பார்கள். சைடு ஸ்டாண்டு போட்டிருந்தால் பல புது வண்டிகள் கிளம்பாது. ஸ்கூட்டரில் பிரேக்கைப் பிடிக்காமல் செல்ப் போட்டால் வேலை செய்யாது. இந்த மூன்றுக்காகவும் மெக்கானிக்கைத் தேடிப் போனவர்கள் ஏராளம்!

அடுத்து பெட்ரோல். முள் சொல்வதை நம்பாமல் மூடியைத் திறந்து பாருங்கள். பழைய கார்புரேட்டர் வண்டியில் மூடியைத் திறந்ததும் 'உஸ்' என்று காற்று இழுத்து, அதற்குப் பிறகு வண்டி கிளம்பினால் மூடியில் இருக்கும் மூச்சுத் துவாரம் அடைத்திருக்கிறது என்று அர்த்தம்.

மூன்றாவது பொறி. தூறலில் நனைந்து நின்ற வண்டி என்றால் பிளக் மூடியைக் கழற்றித் துணியால் துடைத்துப் போட்டாலே பாதி வண்டிகள் கிளம்பிவிடும். பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். பெட்ரோல் நாற்றத்துடன் ஈரமாக இருந்தால் பெட்ரோல் அதிகமாகப் போய்விட்டது. துடைத்துக் காயவைத்து, சோக்கை மூடி, ஆக்சிலேட்டரை முழுக்கத் திருகிக்கொண்டு நாலு உதை உதைக்கலாம். காய்ந்து போய் இருந்தால் பெட்ரோலே வரவில்லை. கரி பிடித்திருந்தால் சுத்தம் செய்யவேண்டும், அல்லது மாற்றவேண்டும்.

2020 ஏப்ரல் முதல் விற்பனையான பி.எஸ்.6 வண்டிகளுக்கு வைத்தியம் வேறு. பெரும்பாலானவற்றில் கார்புரேட்டர் கிடையாது. சாவி போட்டதும் டேங்க் பக்கம் 'உய்ங்' என்று ஒன்றிரண்டு வினாடி சத்தம் கேட்கும். அதுதான் பெட்ரோல் பம்ப். சத்தம் வரவில்லை என்றால் பியூசைப் பாருங்கள். பியூஸ் போனால் அதே அளவு பியூஸ்தான் போடவேண்டும். சிகரெட் பெட்டி ஈயத்தாளைச் சுற்றிப் போடும் பழைய தந்திரம் இங்கே தீ வைக்கும் வேலை!

காரின் சத்தமே காட்டிக்கொடுக்கும்

கார் கிளம்பாவிட்டால் காதைத் தீட்டிக்கொள்ளுங்கள்.

சாவியைத் திருப்பினால் 'டிக் டிக் டிக்' என்று வேகமாகச் சத்தம் வந்து விளக்கு மங்கினால் பேட்டரி பலவீனம். ஒரே ஒரு 'டக்' சத்தத்தோடு நின்று, விளக்கு பளிச்சென்று எரிந்தால் ஸ்டார்ட்டர் பக்கம் கோளாறு. என்ஜின் நன்றாகச் சுற்றியும் பிடிக்கவில்லை என்றால் பெட்ரோல் அல்லது பொறி இல்லை. ஒரு சத்தமும் இல்லை என்றால் பேட்டரி முனையில் வெள்ளையாகப் பூத்திருக்கிறதா என்று பாருங்கள். ஆட்டோமேட்டிக் கார் என்றால் கியர் சரியான இடத்தில் இருக்கிறதா என்று பாருங்கள்.

நல்ல பேட்டரி ஓய்வில் 12.6 வோல்ட் காட்டும். 12-க்குக் கீழே இறங்கினால் சார்ஜ் கிட்டத்தட்ட தீர்ந்துவிட்டது. பக்கத்து காரிலிருந்து ஒயர் போட்டுக் கிளப்புகிறவர்கள் கடைசி கறுப்பு ஒயரைச் செத்த பேட்டரி முனையில் கொடுக்கக் கூடாது. என்ஜினின் வெறும் இரும்பில் கொடுக்க வேண்டும். பேட்டரியில் இருந்து கிளம்பும் வாயு பொறி பட்டால் வெடிக்கும்.

மின்சார ஸ்கூட்டர் தண்ணீரில் மூழ்கியிருந்தால் நீங்கள் எதையுமே செய்யவேண்டாம். சார்ஜ் போடாதீர்கள். வீட்டுக்குள்ளும் ஏற்றாதீர்கள். கம்பெனி சர்வீஸ் ஆளைக் கூப்பிடுங்கள்.

ஏமாறாதீர்கள்!

வெள்ளம் வந்தால் நல்ல மெக்கானிக்குகளுக்குத் தூக்கம் இருக்காது. ராத்திரி பகலாக உழைக்கிறார்கள். அவர்கள் நடுவில் சில கில்லாடிகளும் புகுந்துவிடுகிறார்கள். கெடாத பாகத்தைக் கெட்டது என்று சொல்லிப் பணம் பறிப்பது அவர்கள் வழக்கம்.

தப்பிக்க வழி சுலபம். வேலை ஆரம்பிக்கும் முன் தொகையைக் கேட்டு எழுதி வாங்குங்கள். கழற்றின பழைய பாகத்தைக் கையில் வாங்கிப் பாருங்கள். வளைந்த ராடு என்றால் கண்ணுக்கே தெரியும்.

புதுப்பேட்டையிலோ ஜி.பி. ரோட்டிலோ பாகம் வாங்கினால் பில் வாங்குங்கள். பழைய என்ஜினையே மாற்றுவது என்றால் பில் இல்லாமல் தொடவே கூடாது. அது திருட்டு வண்டியின் என்ஜினாக இருந்தால் நாளைக்குப் போலீஸ் ஸ்டேஷன் வாசலில் நிற்பது நீங்கள்தான். என்ஜினை மாற்றினால் ஆர்.டி.ஓ. ஆபீசில் புது நம்பரைப் பதிவு செய்யவும் வேண்டும்.

2024 அக்டோபரில் கனமழை எச்சரிக்கை வந்ததும் வேளச்சேரி மேம்பாலத்தில் கார்களை வரிசையாகக் கொண்டுபோய் நிறுத்தினார்கள். பார்த்தவர்கள் சிரித்தார்கள். அபராதம் போடுகிறார்கள் என்று பேச்சு கிளம்பியது. போலீசார் அதை மறுத்தார்கள். அந்த ஜனங்கள் பட்டுத் தெரிந்துகொண்டவர்கள்.

மேம்பாலம் பக்கத்தில் இல்லாதவர்கள் மழைக்கு முன்பே தெருவில் மேடான இடம் எது என்று பார்த்து வைத்துக்கொள்ளலாம். தெருவில் தண்ணீர் தேங்கினால் மாநகராட்சியின் 1913 எண்ணுக்குச் சொல்லலாம்.

அதையும் மீறித் தண்ணீர் வந்து வண்டியை மூழ்கடித்துவிட்டால்? சாவியை வீட்டு ஆணியில் மாட்டுங்கள். ஒரு டீ குடியுங்கள். மெக்கானிக் வரட்டும்.

கிக்கரில் வைக்கப்போன காலை எடுத்துவிட்டாலே பாதி என்ஜினைக் காப்பாற்றின மாதிரிதான்!